தன் கையால் இட்ட பூட்டு

சென்ற தவக்காலத்தில் ஒரு மாலை, நோயுற்றிருந்த முதியவர் ஒருவருக்கு நற்கருணை வழங்க அவரது இல்லம் சென்றிருந்தேன். விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் பல்லாண்டுகள் சூளை வேலை பார்த்து ஓய்ந்தவர் அவர். செபம் முடிந்து புறப்படுகையில், அடுத்த அறையில் அவருடைய மகன் கணினியின் முன் அமர்ந்திருக்கக் கண்டேன். அரசுப் பணித் தேர்வுக்குப் படிப்பதாகக் கூறினார். திரையில் ஒரு கேள்வி தோன்றியது. அவர் விடையை மனத்திற்குள் சொல்லிப் பார்த்துவிட்டு ஒரு விசையை அழுத்தினார். விடை தெரிந்தது, அடுத்த கேள்வி வந்தது.

"வேறு எதையும் பார்க்க மாட்டாயா, தம்பி?" என்று விளையாட்டாகக் கேட்டேன். அவர் சற்றுக் கூச்சத்துடன், "பார்க்க முடியாது, சாமி. நானே பூட்டி வைத்திருக்கிறேன்" என்றார். அன்றைக்குரிய சீட்டுகளை முடிக்கும் நேரம் வரையில் திரைப்படமோ, விளையாட்டோ, அரட்டையோ எதுவும் திறவாதபடி ஒரு மென்பொருளைக் கணினியில் அமைத்திருந்தார். பிறகு தாழ்ந்த குரலில், "என்னை நானே பூட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறதே, இது வெட்கக்கேடுதானே, சாமி?" என்றார்.

'மனவுறுதி உள்ளவனுக்குப் பூட்டு எதற்கு?' என்னும் சொற்கள் என் நாவின் நுனிவரை வந்தன. ஏனோ அவற்றைச் சொல்லாமல் வந்துவிட்டேன். வீடு திரும்பும் வழியெல்லாம் அக்கேள்வி என்னைத் தொடர்ந்தது. மனனம் செய்வதற்கும் மனத்தைக் காப்பதற்கும் மனிதன் எத்தனை வேலிகளை எழுப்பியிருக்கிறான் என்று வரலாற்றில் தேடிப் பார்த்தேன். அத்தேடலில் கண்டவற்றை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

திண்ணையும் பிரம்பும்

நம் முன்னோரின் கல்வி நினைவிலேயே நின்றது. திண்ணைப் பள்ளியில் சேர்ந்த சிறுவன் முதலில் மணலில் விரலால் எழுதினான். பின்னரே ஓலையைத் தொட்டான். பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி ஆகியவற்றை உரக்கச் சொல்லிச் சொல்லி உள்ளத்தில் பதித்தான். 320-இல் ஒரு பங்காகிய முந்திரி என்னும் பின்னத்தைக்கூட நாவால் பெருக்கத் தெரிந்திருந்தது அன்றைய பிள்ளைக்கு. முந்திரி என்றால் மரமும் கொட்டையும் மட்டுமே நினைவுக்கு வரும் நம் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு இது வியப்பாயிருக்கும். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இக்கணக்கு மரபை ஆராய்ந்த செந்தில் பாபு அவர்கள், திண்ணைப் பள்ளியின் மனனத்தை அறிவற்ற கிளிப்பேச்சாகக் கொள்ளலாகாது என்றும், நினைவில் வைத்தலே அங்குக் கற்கும் முறையாக இருந்தது என்றும் எடுத்துக்காட்டியுள்ளார்.

ஆனால் அந்த நினைவுக்குக் காவல் நின்றது எது? 1822-இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, நாட்டுப்புறப் பள்ளிகளைக் குறித்த விவரங்களைத் திரட்டுமாறு பணித்தார். அதற்கு விடையாக 1823-இல் பெல்லாரி மாவட்ட ஆட்சியர் காம்ப்பெல் அனுப்பிய அறிக்கை, தெலுங்கு, கன்னடப் பள்ளிகளைப் பற்றியதாயினும், நம் திண்ணைகளையும் நினைவூட்டுகிறது. காலையில் முதலில் வரும் மாணவனின் உள்ளங்கையில் சிறப்பின் அடையாளமாகக் கலைமகளின் பெயர் எழுதப்படும். இரண்டாமவன் கையில் ஒரு சுழியம். அவனுக்குப் புகழும் இல்லை, இகழும் இல்லை. மூன்றாமவனுக்கு மெல்லிய ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு. இப்படி ஒவ்வொருவருக்கும் ஓர் அடி கூடிக்கொண்டே போகும். நேரம் தவறாமை பிரம்பினால் எழுதப்பட்ட காலம் அது.

அக்கல்வியால் நினைவு வலுத்தது உண்மை. எனினும் பிரம்பு ஆசானின் கையில் இருந்தது. பள்ளியை விட்டு ஓடியவன் பிரம்பையும் விட்டு ஓடினான். பாடத்தையும் விட்டு ஓடினான்.

பாலைவனத்தில் கவனம்

பிறர் கைப் பிரம்பின்றித் தாமே விரும்பி வேலியிட்டுக்கொண்டவர்களும் உண்டு. கிரேக்க நாவலர் டெமஸ்தனிஸ் நிலத்தடியில் ஓர் அறை அமைத்து, இரண்டு மூன்று திங்கள் அங்கேயே பயிற்சி செய்வாராம். வெளியே செல்ல ஆசை எழுந்தாலும் வெட்கம் தடுக்கட்டும் என்று தலையின் ஒரு பக்கத்தை மட்டும் மழித்துக்கொள்வாராம். புளூட்டார்க் இதனைக் குறித்து வைத்திருக்கிறார். பூட்டுக்கு மயிரைப் பயன்படுத்திய மனிதர்!

நான்காம் நூற்றாண்டில் எகிப்தியத் துறவு மடங்களை நிறுவிய புனித பக்கோமியுசின் ஒழுங்குகளில், மடத்தில் எழுத்தறியாதவர் எவரும் இருத்தலாகாது என்றும், குறைந்த அளவு புதிய ஏற்பாட்டையும் திருப்பாடல்களையும் மனனம் செய்ய வேண்டும் என்றும் காண்கிறோம். புதிதாக வருபவருக்கு முதலில் இருபது திருப்பாடல்கள் தரப்படும். பாய் முடையும்போதும் நடக்கும்போதும் துறவியர் அவற்றை முணுமுணுத்துக்கொண்டிருந்தனர்.

அங்கும் மனம் அலைந்தது. 399-இல் மறைந்த பாலைவனத் துறவி எவாகிரியுஸ், நண்பகலில் துறவியைத் தாக்கும் சோர்வை நுணுக்கமாக எழுதியிருக்கிறார். சூரியன் நகரவே இல்லை என்று தோன்றும். பகல் ஐம்பது மணி நேரமாக நீளும். உண்ணும் வேளை வந்ததா என்று சாளரத்தின் வழியே பார்க்கத் தோன்றும். யாராவது சகோதரர் வருகிறாரா என்று எட்டிப் பார்க்கத் தோன்றும். இன்று பத்து நிமிடத்திற்கு ஒருமுறை கைப்பேசியை எடுத்து யாரேனும் செய்தி அனுப்பியிருக்கிறார்களா என்று பார்க்கும் நமக்கு இந்தத் துறவி அயலவர் அல்லர்.

புனித அகுஸ்தினாரும் இதை மறைக்கவில்லை. 'அறிக்கைகள்' என்னும் நூலின் பத்தாம் பகுதியில், நினைவை விரிந்த வயல்களுக்கும் மாளிகைகளுக்கும் ஒப்பிட்டு வியக்கிறார். அதே பகுதியிலேயே, வயல் வழியே செல்கையில் முயலைத் துரத்தும் நாய் தம் உயர்ந்த சிந்தனையைக் கலைத்துவிடுகிறது என்றும், வீட்டில் இருக்கையில் ஈயைப் பிடிக்கும் பல்லியும் சிலந்தியும் தம் கண்ணைக் கட்டிப்போடுகின்றன என்றும் ஒப்புக்கொள்கிறார். ஓர் ஆயர், மறைவல்லுநர், பல்லியிடம் தோற்றதைத் தயங்காமல் எழுதுகிறார்! அந்த இளைஞரின் கூச்சத்திற்கு முதல் ஆறுதல் எனக்கு இங்கே கிடைத்தது.

மறதியை அளந்தவர்

மனனம் பற்றிய ஆய்வு 1885-இல் புதுத் திருப்பம் கண்டது. ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் எபிங்ஹவுஸ், பொருளற்ற அசைகள் சுமார் 2,300-ஐ உருவாக்கி, அவற்றைத் தாமே மனனம் செய்து, தாமே மறந்து, அம்மறதியை அளந்தார். கற்று ஒரு மணி நேரத்திற்குப் பின் அதையே மீண்டும் கற்கும்போது முதல் உழைப்பில் ஏறத்தாழ 44 விழுக்காடே மீதமாயிற்று. ஒரு நாளுக்குப் பின் 34. ஒரு திங்களுக்குப் பின் 21. மறதி தொடக்கத்தில் விரைந்தும் பிறகு மெல்லவும் நடக்கிறது. ஒரே அமர்வில் பலமுறை படிப்பதைவிட, நாள்களைப் பிரித்துப் படிப்பதே பயன் தருகிறது என்பதும் அவர் கண்ட உண்மை.

1972-இல் செபாஸ்டியன் லைட்னர் என்னும் ஜெர்மானிய எழுத்தாளர் இதை ஓர் அட்டைப் பெட்டிக்குள் அடக்கினார். பெட்டியில் பல அறைகள் இருக்கும். சரியாக விடை சொன்ன சீட்டு அடுத்த அறைக்குச் செல்லும். தவறிய சீட்டு முதல் அறைக்கே திரும்பும். பின்னறைச் சீட்டுகளை அரிதாகவும் முன்னறைச் சீட்டுகளை அடிக்கடியும் பார்த்தால் போதும். போலந்து நாட்டு மாணவர் பியோத்ர் வோஸ்னியாக் 1985-இல் தாளில் தொடங்கிய கணக்கை 1987-இல் 'சூப்பர்மெமோ' என்னும் கணினி நிரலாக்கினார். 2006-இல் டேமியன் எல்ம்ஸ் என்பவர் சப்பானிய மொழி கற்பதற்காக 'அங்கி' என்னும் மென்பொருளை வெளியிட்டார். அச்சொல்லுக்குச் சப்பானிய மொழியில் மனனம் என்றே பொருள். இன்று மருத்துவ மாணவர் முதல் நம் ஊர்த் தேர்வாளர் வரை பலர் இவ்வழியில் படிக்கின்றனர்.

இம்முறைக்கு ஒரே ஒரு கட்டளை உண்டு: நாள்தோறும் வர வேண்டும். மூன்று நாள் வராவிட்டால் மூன்று நாள் சீட்டுகளும் சேர்ந்து குவியும். குவியலைக் கண்டு மனம் அஞ்சும். நான்காம் நாளும் வர மாட்டோம். அதுமட்டுமன்று. ஓலைச்சுவடி தன்னுள் பாடத்தை மட்டுமே கொண்டிருந்தது. கணினியோ பாடத்தையும், அகுஸ்தினாரின் முயலையும் நாயையும் பல்லியையும் ஒரே திரைக்குள் வைத்திருக்கிறது.

இதனாலேயே பூட்டும் மென்பொருள்கள் பிறந்தன. 2008-இல் அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராயிருந்த பிரெட் ஸ்டட்ஸ்மன், குறித்த நேரம் வரை இணையத் தொடர்பையே துண்டிக்கும் நிரலை உருவாக்கி, அதற்கு 'விடுதலை' என்று பொருள்படும் 'ஃப்ரீடம்' என்னும் பெயரிட்டார். அடைப்பதற்கு விடுதலை என்று பெயர்! 2009-இல் ஸ்டீவ் லாம்பர்ட் என்னும் கலைஞர் வெளியிட்ட நிரலின் பெயர் 'செல்ஃப்கண்ட்ரோல்', அதாவது தன்னடக்கம். அதில் நேரத்தைக் குறித்து ஒருமுறை தொடங்கிவிட்டால், கணினியை அணைத்து ஏற்றினாலும், நிரலையே அழித்தாலும், குறித்த நேரம் முடியும்வரை பூட்டு விலகாது. காலையில் தெளிந்திருந்தவன் மாலையில் தளரப்போகும் தன்னையே முன்னறிந்து செய்யும் ஏற்பாடு இது.

என் பெட்டி

இவ்விடத்தில் என் கதையையும் சொல்லியாக வேண்டும். குருமடத்தில் இறையியல் பயின்ற நாள்களில் விவிலியக் கிரேக்கம் கற்றோம். பழைய திருமண அழைப்பிதழ்களைச் சதுரமாக வெட்டி, ஒரு பக்கம் கிரேக்கச் சொல்லும் மறுபக்கம் தமிழும் எழுதி, ஒரு செருப்புப் பெட்டியில் அடுக்கி வைத்திருந்தேன். லைட்னர் யாரென்று அன்று எனக்குத் தெரியாது. இரவு உணவுக்குப் பின் படிப்பு மணி அடிக்கும், அனைவரும் அமர்வோம். பெரும் மௌனத்திற்கான மணி அடிக்கும், பேச்சு நிற்கும். ஆண்டு இறுதியில் நற்செய்தியின் பகுதிகளை மூலமொழியில் படிக்கும் அளவுக்கு வந்திருந்தேன்.

குருப்பட்டம் பெற்றுப் பங்குப் பணிக்கு வந்தேன். மணி அடிப்பார் இல்லை. 'வேலைகள் மிகுதி' என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் மாலைகள் பலவற்றைச் செய்தித்தாளும் தொலைக்காட்சியுமே தின்றன. ஐந்தாண்டுகளில் சொற்கள் ஒவ்வொன்றாய் உதிர்ந்தன. இன்று அகராதியின்றி ஒரு வசனத்தைக்கூட என்னால் முழுமையாகப் படிக்க இயலாது. குருமடத்தில் எனக்கு மனவுறுதி இருந்ததாக நான் எண்ணியிருந்தேன். இருந்தது மணி. அம்மணியின் கயிறு என் கையில் ஒருபோதும் இருந்ததில்லை.

அந்த இளைஞரிடம் நான் சொல்ல வந்து விழுங்கிய சொற்கள் எவ்வளவு பொருத்தமற்றவை என்று அப்போதுதான் உணர்ந்தேன். எனக்குப் பிறர் அடித்த மணியை, அவர் தமக்குத் தாமே அடித்துக்கொள்ளப் பழகியிருக்கிறார்.

கனி எனப்படுவது

என் பழைய சீட்டுகளுள் ஒன்றில் 'எங்க்ராத்தெய்யா' என்னும் சொல் இருந்தது. கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தில் புனித பவுல் தூய ஆவியின் கனிகளை வரிசைப்படுத்தி, இறுதியாக வைக்கும் தன்னடக்கமே அது. ஆற்றல் என்று பொருள்படும் வேர்ச்சொல்லிலிருந்து வந்தது. அதைப் பவுல் கனி என்கிறார். கனி மரத்தில் உடனே தோன்றுவதில்லை. கன்றுக்கு வேலியிட்டுக் காப்பவனை எவரும் பழிப்பதில்லை.

நம் ஊர்ச் சூளைகளைப் பார்த்தவர்கள் அறிவார்கள். மெருகிட்ட பீங்கானைச் சில வேளைகளில் தடித்த சுடுமண் பெட்டிக்குள் வைத்துச் சூளையில் அடுக்குவர். தீ நேரே தீண்டி, சாம்பல் ஒட்டி, மேற்பரப்பு கெடாதபடி அப்பெட்டி காக்கிறது. வெப்பம் மட்டும் உள்ளே செல்கிறது. ஆயினும் பெட்டி பீங்கானைச் செய்வதில்லை. மண்ணும் உருவமும் நன்றாயில்லையெனில் பெட்டியால் ஆவது ஒன்றுமில்லை. பூட்டும் அப்படியே. அது தொல்லையைத் தடுக்கும். கற்கும் விருப்பத்தைத் தராது. சீட்டில் உள்ளது நினைவில் தங்கும். அதன் பொருளை உணர்வது வேறு உழைப்பு.

பெற்றோருக்கும் ஒரு சொல். இத்தகைய பூட்டுகளைப் பிள்ளைகளின் கணினியில் அவர்கள் அறியாமல் நிறுவும் இல்லங்கள் பெருகி வருகின்றன. சிறுவர்களுக்குக் காவல் தேவைதான். ஆனால் வளர்ந்த பிள்ளைக்கு அது மீண்டும் பழைய பிரம்பாகிவிடும். எந்நேரம் பூட்டுவது, எப்போது திறப்பது என்று அவனோடு அமர்ந்து பேசுங்கள். திறவுகோலை மெல்ல மெல்ல அவன் கைக்கே மாற்றுங்கள்.

சில வாரங்கள் கழித்து அந்த முதியவரை மீண்டும் சந்திக்கச் சென்றபோது, மகனிடம் அவருடைய கேள்விக்கு விடை சொன்னேன். "வெட்கப்பட வேண்டியவன் நான்தான், தம்பி" என்று என் செருப்புப் பெட்டியின் கதையைக் கூறினேன். அவர் சிரித்தார். இப்போதெல்லாம் சில நாள்கள் பூட்டு விழுவதற்கு முன்பே தாம் சீட்டுகளைத் திறந்துவிடுவதாகச் சொன்னார். "எல்லா நாளும் இல்லை, சாமி" என்றும் சேர்த்துக்கொண்டார்.

அறை இல்லத்தின் பரணிலிருந்து என் பெட்டியை இறக்கியிருக்கிறேன். காலைத் திருப்பலிக்குப் பின் ஐந்து சொற்கள் என்று வைத்திருக்கிறேன். அதுவரை கைப்பேசியை ஆலயப் பொருளறையின் அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுகிறேன்.