குத்திப் பார்த்தால் தெரியாத அலர்ஜி

குழந்தை சாப்பிட்டதும் வாந்தி எடுக்கிறது, நெஞ்சு வலிக்கிறது என்று அழுகிறது. "வயிற்று ஆசிட் மேலே ஏறுது" என்பதுதான் ரொம்ப காலம் இதற்கு பதில். ஆதாரமும் இருந்தது. 1982-ல் பாஸ்டனில் ஹார்லண்ட் வின்டர் குழு, குழந்தைகளின் உணவுக்குழாய்ச் சவ்வில் இயோசினோபில் என்ற வெள்ளை அணு தெரிந்தால் அது ஆசிட் ஏறுவதன் அடையாளம் என்று எழுதியது. அதன்பின் மைக்ராஸ்கோப்பில் இயோசினோபில் கண்டால் ஆசிட் மருந்துதான்.

மருந்துக்கு அடங்காத குழந்தைகளை என்ன செய்வது? சிலருக்கு ஆபரேஷன்கூட ஆகியிருந்தது. அப்படிப்பட்ட 10 பேரை ஜான்ஸ் ஹாப்கின்ஸில் கெவின் கெல்லி, ஹியூ சாம்ப்சன் குழு எடுத்துக்கொண்டது. வழக்கமான சாப்பாட்டை நிறுத்திவிட்டு, புரதத்துக்குப் பதிலாக அமினோ அமிலம் மட்டும் கலந்த பால்மாவைக் கொடுத்தார்கள். 8 பேருக்குத் தொந்தரவு முழுசாகப் போனது, 2 பேருக்குக் குறைந்தது. 1995-ல் இது வெளியானது. குற்றவாளி ஆசிட் இல்லை, சாப்பாடு!

சரி, எந்தச் சாப்பாடு? அலர்ஜி என்றால் டெஸ்ட் உண்டே என்று எல்லோருக்கும் தோன்றும். 2002-ல் பிலடெல்பியாவில் ஜோனதன் ஸ்பெர்கல் குழு, தோலில் குத்திப் பார்க்கும் டெஸ்ட்டையும், உணவை முதுகில் ஒட்டிவைக்கும் பேட்ச் டெஸ்ட்டையும் சேர்த்துச் செய்தது. காட்டிக்கொடுத்த உணவுகளை நிறுத்தியதில் 26 குழந்தைகளில் 18 பேருக்குத் தொந்தரவு முழுசாக நின்றது. பிரச்சினை தீர்ந்தது மாதிரிதான் இருந்தது.

2006-ல் சிகாகோவில் அமீர் ககல்வாலா குழு டெஸ்ட்டே இல்லாமல் இறங்கியது. பால், முட்டை, கோதுமை, சோயா, கொட்டைகள், மீன் வகை ஆகிய ஆறையும் ஒரேயடியாக நிறுத்தினார்கள். 35 பேரில் 26 பேருக்கு சவ்வு தேறியது.

2014-ல் ஸ்பெயினில் ஏஞ்சல் ஆரியாஸ், ஆல்ஃப்ரெடோ லுசெண்டோ குழு அதுவரை வந்த ஆய்வுகளைக் கூட்டிக் கணக்குப் பார்த்தது. அமினோ அமில உணவு 91 சதவீதம், ஆறு உணவை நிறுத்துவது 72, டெஸ்ட்டை நம்பி நிறுத்துவது 46.

ஏன் இப்படி? குத்தும் டெஸ்ட் தேடுவது ஐஜிஈ என்ற எதிர்ப்பொருளை. வேர்க்கடலை சாப்பிட்ட சில நிமிஷத்தில் உடம்பு தடிக்கிறதே, அந்த ரகத்துக்கு அது சரி. இந்த நோயோ நாள்கணக்கில், வாரக்கணக்கில் உள்ளே மெதுவாகச் சேர்வது. ஐஜிஈயை நம்பி நடப்பதில்லை. டெஸ்ட் கெட்டது இல்லை, கேட்ட கேள்விதான் வேறு.

இதில் அதிகம் தப்பித்தது பால். ககல்வாலா குழு பின்னர் உணவுகளை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்துப் பார்த்தது. பால் 74 சதவீதக் குழந்தைகளுக்கும், கோதுமை 26 சதவீதத்துக்கும் ஆகவில்லை. தோல் டெஸ்ட்டில் பால் 'நெகட்டிவ்' என்று வந்தால் அதை நம்பவே முடியாது.

ஆக, இன்றும் நம்பகமான டெஸ்ட் பழைய முறைதான்: நிறுத்து, காத்திரு, உள்ளே குழாய்விட்டுப் பார், திரும்பக் கொடு, மறுபடி பார். ஒவ்வொரு 'பார்'க்கும் குழந்தைக்கு ஒரு மயக்க மருந்து, ஒரு எண்டோஸ்கோபி. தப்பான பட்டியலை நம்பி உணவை நிறுத்தினால் வளர்கிற உடம்புக்குப் பட்டினி, நோயும் போகாது. டெஸ்ட் ரிப்போர்ட் கையில் வந்ததும் தட்டிலிருந்து உணவுகளை எடுப்பதற்கு முன்னால், அந்த டெஸ்ட் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்று டாக்டரிடம் கேளுங்கள்.