அரசகேசரி: நீர்வேலியில் தங்கிய ஓர் அரசகுலப் பெயர்

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் வீதியில் கோப்பாயைக் கடந்தால் வருவது நீர்வேலி. வாழைத் தோட்டங்களுக்குப் பேர்போன இவ்வூரில் அரசகேசரிப் பிள்ளையார் கோவில் இருக்கிறது. நல்லூரிலிருந்து ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகளின் குடும்பத்தவரான அரசகேசரியே இதனை அமைத்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி.

தமிழ் கற்றோர் அவரை வேறு வகையில் அறிவர். காளிதாசனின் இரகுவம்சத்தைத் தமிழ் விருத்தங்களில் பாடியவர் அவர். அந்நூலின் முற்பகுதிக்குப் புன்னாலைக்கட்டுவன் சி. கணேசையர் உரை எழுதினார்.

அரச குடும்பத்தில் அவருக்கு என்ன உறவு என்பதில்தான் சிக்கல். ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலை, புலவரான அரசகேசரியைப் பரராசசேகரனின் மருமகன் என்கிறது. போர்த்துக்கேயர் தரும் வரலாற்றிலோ, அரசகேசரி என்பவர் எதிர்மன்னசிங்கனின் சகோதரர். 1591இல் போர்த்துக்கேயரால் அரியணை ஏற்றப்பட்ட அம்மன்னன் இறந்தபோது அவன் மகன் சிறு குழந்தை. குழந்தைக்காக ஆட்சியை நடத்தும் பொறுப்பு அரசகேசரியிடம் வந்தது. 1617 அளவில் சங்கிலி குமாரன் அவரையும் ஏனைய இளவரசர்களையும் கொன்று அதிகாரத்தைக் கைப்பற்றினான்.

புலவரும் கொலையுண்டவரும் ஒருவர்தாமா? யாழ்ப்பாண மன்னர்கள் பரராசசேகரன், செகராசசேகரன் என்ற பட்டங்களை மாறிமாறிச் சூடினர். 1519 வரை ஆண்டவனும் பரராசசேகரன், எதிர்மன்னசிங்கனும் பரராசசேகரன். வைபவமாலை எழுதப்பட்டது அரசு வீழ்ந்து நூறாண்டுக்குப் பின்னர். பட்டப்பெயர்கள் கலந்து, தலைமுறைகளும் கலந்துவிட்டன. ஆகவே இருவரும் ஒருவரே என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

மறுபக்கத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதற்கில்லை. ஒரு செய்தி கையில் வந்தால், அதனால் நன்மை யாருக்கு என்று முதலில் கேட்பது பத்திரிகைக்காரனாகிய என் வழக்கம். சங்கிலி குமாரன் உறவினரைக் கொன்று அரசைப் பறித்தவன் என்ற கதை, 1619இல் அவ்வரசையே விழுங்கிய போர்த்துக்கேயருக்கு வசதியானது. அவனைச் சிறைப்பிடித்துக் கோவாவுக்குக் கொண்டுசென்று, 1623இல் தலைவாங்கினார்கள். விரிவான வரலாற்றை எழுதிய குவேறோஸ் பாதிரியாரும் இலங்கைக்கு வராமலே எழுதியவர். கொலை நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. அதைச் சொன்னவர்கள் வென்றவர்கள் என்பதை மறக்கலாகாது என்கிறேன்.

கொன்றவனும் கொல்லப்பட்டவரும் இன்று யாழ்ப்பாணத்தார் மதிக்கும் பெயர்கள். சங்கிலிக்கு நல்லூரில் சிலை உண்டு. அரசகேசரிக்குச் சிலை எதற்கு? நீர்வேலியார் பிள்ளையாரைக் கூப்பிடும்போதெல்லாம் அவரையும் சேர்த்தே கூப்பிடுகிறார்கள்.