சுறாப்பல் புதைபடிவங்கள்: கல்வராயன் மலையும் அதன் கீழ்த்திசைச் சமவெளியும்

சுறாமீனின் பற்கள் கடலடிச் சேற்றில் புதைந்து, நெடுங்காலம் தாதுப்பொருள்கள் ஊறியதனால் கல்லின் தன்மை பெற்றுக் கிடைப்பனவற்றைச் சுறாப்பல் புதைபடிவங்கள் என்பர். சுறாவின் உடற்கூடு குருத்தெலும்பாலானது ஆகையால், பிராணி மடிந்ததும் அது பெரும்பாலும் சிதைந்துபோக, பற்கள் மாத்திரம் நிலைத்து நிற்கின்றன. அன்றியும், விழுந்த பல்லுக்குப் பதிலாகப் பின்வரிசையினின்று புதுப்பல் முன்னேறி வந்துகொண்டே இருப்பதால், ஒரே சுறா தன் ஆயுட்காலத்தில் ஆயிரக்கணக்கான பற்களைக் கடலுக்குக் காணிக்கையாக்கிவிடுகிறது.

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே மதில்போல் நிற்கும் கல்வராயன் மலையில் இவற்றைத் தேடிப் புறப்படுவோர் வெறுங்கையுடன் திரும்புவர் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது உபகாரமாகும். அம்மலையின் பிரதான பாறையாகிய சார்னோகைட், பூமியின் ஆழத்தில் மிகுந்த உஷ்ணத்திலும் அழுத்தத்திலும் உருவானது; அதன் வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டு. சுறாக்களின் குலம் தோன்றியதோ அதற்கு வெகுகாலம் பின்னர். கல்கத்தாவிலுள்ள ஜாப் சார்னக் என்னும் ஆங்கிலேயரின் கல்லறைக் கல் இந்த இனத்தைச் சேர்ந்ததென்று கண்டு, அவர் பெயரையே பாறைக்குச் சூட்டினார் ஹாலந்து என்ற பூகர்ப்ப சாஸ்திரி. கல்லறையிலிருந்து பெயர் பெற்ற கல்லுக்குள் ஒரு மீன்முள்ளும் இல்லாதது விசித்திரந்தான்.

ஆயினும் மலையில் பிறக்கும் ஆறுகளே வழிகாட்டுகின்றன. கோமுகி மணிமுத்தாற்றுடன் கூட, மணிமுத்தாறு விருத்தாசலத்தைத் தொட்டுச் சென்று வெள்ளாற்றில் கலக்கிறது. விருத்தாசலத்தின் சுற்றுப்புறமும், வெள்ளாற்றுக்குத் தெற்கே அரியலூர், பெரம்பலூர்ப் பகுதிகளும், வடக்கே புதுச்சேரியருகிலுள்ள பகுதியும் கிரீட்டேசிய காலத்தில் சமுத்திரம் ஏறி வந்து வண்டல் படியவிட்ட நிலங்கள். கொண்டுவானாக் கண்டம் பிளவுண்டபோது கிழக்குக்கரை தாழ்ந்து, பழம்பாறையின் ஓரம்வரை கடல் புகுந்ததன் விளைவே இது.

இந்நிலங்களின் புதைபடிவங்களை உலகறியச் செய்தவர்கள் கே, கன்லிஃப் என்னும் இருவர். அவர்கள் சேகரித்து லண்டனுக்கு அனுப்பியவற்றுள் மீனெச்சங்களைப் பற்றி எகெர்ட்டன் 1845-லும், முதுகெலும்பிலாப் பிராணிகளைப் பற்றி எட்வர்டு ஃபோர்ப்ஸ் 1846-லும் எழுதினர். பின்னர் பிளான்ஃபோர்டு என்பவர், தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி ஜில்லாக்களின் கிரீட்டேசியப் பாறைகளை அளந்து, ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக வகுத்து 1862-ல் வெளியிட்டார். கள்ளக்குறிச்சி அக்காலத்தில் தென்னார்க்காட்டைச் சேர்ந்ததே.

சுறாப்பற்களுக்குப் பேர்போன இடம் பெரம்பலூர் மாவட்டத்துக் காரை. அங்குள்ள களிமண் நிலம் மழையினால் அரிக்கப்பட்டு, புல்லும் பூண்டும் அருகி, ஓடையும் மேடுமாய்க் கிடக்கிறது. ஜிப்சம் நரம்புகள் வெயிலில் கண்ணாடித் துண்டுபோல் மின்னி, தேடுவோர் கண்ணை அடிக்கடி ஏமாற்றும். அங்கே தோண்டுவதைக் காட்டிலும், குனிந்து தரையைப் பார்த்து நடப்பதே உத்தமமான முறை. அண்டர்வுட், அஞ்சலி கோஸ்வாமி, ஜி. வி. ஆர். பிரசாத் முதலியோர் 2011-ல் வெளியிட்ட ஆராய்ச்சியின் முதுகெலும்பிப் படிவங்களும் நிலத்தின் மேற்பரப்பிலிருந்தே பொறுக்கப்பட்டவை. அவற்றின் காலம் ஏறக்குறைய 10 கோடி ஆண்டுக்கு முன். அவற்றுள் ஒரு புதிய இனத்துக்குத் தென்னிந்தியாவின் பெயராலேயே ட்வார்டியஸ் சுடிண்டிகஸ் என்று நாமகரணம் செய்தனர்.

அடையாளம் காண்பதில் முதலில் நோக்கவேண்டியது, மேலே வழவழப்பான பளபளப்புள்ள முடி, கீழே சொரசொரப்பான வேர் என்னும் இரு பகுதிகள் உண்டா என்பது. வேர் ஒடிந்துபோயினும் முடியின் மெருகு காட்டிக்கொடுத்துவிடும். பல்லின் ஒரு முகம் தட்டையாகவும் மற்றொன்று குவிந்தும் இருக்கும். குவிந்தது நாவின் பக்கம். பின்னர் ஓரத்தைப் பார்க்கவேண்டும். கிரீட்டாலாம்னா என்னும் சுறாவின் பல்லில் ஓரம் கத்திபோல் மழுங்கலின்றி ஓட, இருபுறமும் முக்கோணக் குட்டிக் கூர்கள் நிற்கும். ஸ்குவாலிகோராக்ஸின் சாய்ந்த பல்லில் அரத்தின் பற்கள்போல் நுண்ணிய வெட்டுகள் தெரியும். கிளாடியோசெராட்டஸின் கீழ்த்தாடைப் பல்லோ சீப்பைப்போல் ஒரே வேரில் பல கூர்கள் சாய்ந்து நிற்பது. டைக்கோடஸ் பல்லை முதன்முறை காண்போர் பல்லென்றே நம்புவதில்லை: கொத்திய அம்மியைப்போல் வரிவரியாய் மேடுகளுள்ள அது, சிப்பி, நத்தைகளை நசுக்கியுண்ட மீனுடையது. நிறத்தைக் கொண்டு வயதைக் கணிப்பது பிசகு. கருமையும் செம்மையும் புதைந்த மண்ணின் தாதுக்கள் ஏற்றிய சாயமே.

பெலம்னைட் என்னும், துப்பாக்கித் தோட்டாபோன்ற பழுப்புக் கற்களைப் பல்லெனக் கொண்டுவருவோர் பலர். உடைத்த குறுக்குவெட்டில் நடுவினின்று விரியும் கதிர்கள் தெரிந்தால் அது கணவாய் இனத்தின் உட்கூட்டுப் பகுதி. ஐரோப்பியரும் நெடுங்காலம் சுறாப்பல்லை நாக்குக்கல் என்று மயங்கியிருந்து, 1666-ல் ஸ்டெனோ என்பவர் சுறாவின் தலையை அறுத்துப் பார்த்து, 1667-ல் எழுதிய பிறகே தெளிவடைந்தனர். இன்னொரு மயக்கம் பெயரைப் பற்றியது: டால்மியாபுரத்தை ஒட்டிய கள்ளக்குடியின் சுண்ணாம்புக்கல் சுரங்கப் படிவங்களைக் கள்ளக்குறிச்சியினவாகக் கொள்வது தவறு.

பொறுக்கிய பல்லைவிடப் பொறுக்கிய இடம் பெறுமதியுடையது. ஆதலால் கண்டெடுப்போர் ஊர், ஓடை, மண்ணின் நிறம், தேதி ஆகியவற்றை ஒரு துண்டுத்தாளில் எழுதிப் பல்லுடன் சேர்த்து மடித்து வைத்து, அரியலூர் அருகே வாரணவாசியிலுள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தாரிடமேனும் பூகர்ப்ப சாஸ்திர ஆசிரியரிடமேனும் காட்டும்படி வேண்டப்படுகின்றனர்.