விழுந்தால் எழுப்புவது யார்? எர்லாங்கும் குபெர்னெட்டிசும்

எர்லாங் தொலைபேசி இணைப்பகத்துக்காகப் பிறந்த மொழி. 1986-இல் சுவீடனில் எரிக்சன் நிறுவனத்தின் ஆய்வகத்தில் ஜோ ஆம்ஸ்ட்ராங் தொடங்கிய வேலை; ராபர்ட் விர்டிங்கும் மைக் வில்லியம்சும் சேர்ந்துகொண்டார்கள். ஆயிரக்கணக்கானோர் பேசிக்கொண்டிருக்கும் இணைப்பகத்தில் ஓர் அழைப்பைக் கவனிக்கும் நிரல் உடைந்தால் அந்த ஒரு பேச்சு அறுபடலாம், பக்கத்துப் பேச்சு அறுபடக் கூடாது. பழுது பார்க்கிறோம் என்று கடையை மூடவும் முடியாது.

குபெர்னெட்டிஸ் பிறந்த வீடு வேறு. கூகுள் தன் தரவு மையங்களில் ‘போர்க்’ என்ற உள்வீட்டு மென்பொருளைக் கொண்டு எந்திரங்களுக்கு வேலை பங்கிட்டுவந்தது. அந்த அனுபவத்தில் விளைந்த குபெர்னெட்டிஸ் 2014 ஜூனில் வெளியானது; 2015 ஜூலையில் 1.0 பதிப்பு வந்தது. பெயர் கிரேக்கம், சுக்கான் பிடிப்பவர் என்று பொருள். நம்மிடம் ‘மீகாமன்’ என்று அருமையான சொல் கிடக்கிறது, எடுத்து ஆள்வார்தான் இல்லை.

இரண்டுக்கும் நம்பிக்கை ஒன்றே: பிழையில்லாத நிரல் கிடையாது, விழுவது விழட்டும், உடனே எழுப்பிவிடு. எழுப்பும் பொறுப்பை யாரிடம் கொடுப்பது என்பதில்தான் வழி பிரிகிறது.

எர்லாங்கில் அந்தப் பொறுப்பு நிரலுக்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு சின்ன வேலைக்கும் ஒரு புரோசஸ். தொடங்கும்போது 3 கிலோபைட்டுக்கும் குறைவான இடமே பிடிக்கும் என்பதால் லட்சக்கணக்கில் ஓடவிடலாம். ஒன்றின் நினைவகத்தை மற்றொன்று தொடாது, செய்தி அனுப்பிப் பேசிக்கொள்ளும். இவற்றுக்கு மேலே, விழுந்ததை எழுப்புவதே வேலையாகக் கொண்ட சூப்பர்வைசர். ஒருவர் விழுந்தால் அவரை மட்டும் எழுப்புவதா, எல்லாரையும் கிடத்தி மொத்தமாக எழுப்புவதா, அல்லது விழுந்தவரையும் அவருக்குப் பின் தொடங்கியவர்களையும் எழுப்புவதா? மூன்றில் ஒன்றை எழுதுகிறவர் தேர்ந்தெடுக்கிறார். எது எதை நம்பி நிற்கிறது என்று யோசிக்காமல் இந்த ஒரு வரியை எழுத முடியாது.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த விதி. எழுப்புவதற்கு ஒரு கணக்கு உண்டு; ஒன்றும் சொல்லாவிட்டால் 5 வினாடிக்கு ஒரு முறை. அதற்கு மேல் விழுந்தால் சூப்பர்வைசர் கைவிரித்துவிட்டு, தன் பிள்ளைகளையும் முடித்து, தானும் சாகும். விவகாரம் அதற்கு மேலே இருக்கும் சூப்பர்வைசரிடம் போகும். தாலுகா ஆபீசில் தீராத ஃபைல் கலெக்டர் ஆபீசுக்குப் போவதுபோல.

குபெர்னெட்டிசுக்கு நிரலின் உள்விவகாரம் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விரும்பாது. நிரலைக் கன்டெய்னர் என்ற பெட்டியில் அடைத்து, ‘இந்தக் கன்டெய்னர் 3 படிகள் ஓட வேண்டும்’ என்று யாம்ல் கோப்பில் எழுதிக் கொடுத்தால் போதும். அது எட்சிடி என்ற சேமிப்பில் பதிவாகும். கட்டுப்பாட்டு நிரல்கள் கேட்டதையும் இருப்பதையும் ஓயாமல் ஒப்பிட்டு, குறைந்தால் கூட்டும், மிகுந்தால் கழிக்கும். தொடங்கியதுமே சாகும் கன்டெய்னரை 10 வினாடி விட்டு எழுப்பும், பிறகு 20, 40 என்று இடைவெளியை இரட்டித்துக்கொண்டே போகும், 5 நிமிடத்துக்கு மேல் நீட்டாது. திரையில் ‘கிராஷ்லூப்பேக்ஆஃப்’ என்ற சொல்லைப் பார்த்து வயிறு கலங்காத பொறியாளர் இல்லை. கவனிக்க வேண்டியது இதுதான்: எர்லாங் கைவிரித்து மேலிடத்துக்குச் சொல்கிறது, குபெர்னெட்டிஸ் கைவிடுவதும் இல்லை, மேலே சொல்வதும் இல்லை. காத்திருந்து காத்திருந்து எழுப்பிக்கொண்டே இருக்கும்.

முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், உள்விவகாரம் தெரியாத இந்த எழுப்பலுக்கு விலை கொடுத்தோம். பாட் (கன்டெய்னர் ஓடும் கூடு) உயிரோடு இருக்கிறதா என்று, நாம் சொல்லிவைத்தால், குபெர்னெட்டிஸ் அவ்வப்போது கதவைத் தட்டிப் பார்க்கும். நாம் மாற்றாவிட்டால் 10 வினாடிக்கு ஒரு தட்டு, ஒரு வினாடிக்குள் பதில், மூன்று முறை தவறினால் கொன்று எழுப்பும். அந்தப் பதிலுக்குள் டேட்டாபேஸையும் விசாரிக்கும்படி எழுதியிருந்தோம், புத்திசாலித்தனம் என்று நினைத்து. ஓர் இரவு டேட்டாபேஸ் கொஞ்சம் மந்தமானது. அரை நிமிடத்தில் நல்ல நிலையில் இருந்த பாட்கள் எல்லாம் வரிசையாகக் கொல்லப்பட்டன. எழுந்த ஒவ்வொன்றும் புது இணைப்பு கேட்டு ஓட, மந்தமாக இருந்த டேட்டாபேஸ் படுத்தே விட்டது. அந்த ஒரு விசாரிப்பை எடுத்த பிறகுதான் தூங்கப் போனோம்.

எர்லாங்காக இருந்தால் தப்பித்திருப்போம் என்று சொல்ல மாட்டேன். அங்கும் ஒரு புரோசஸ் தொடங்கும்போதே டேட்டாபேஸ் இணைப்பு கிடைத்தாக வேண்டும் என்று எழுதினால், 5 வினாடிக் கணக்கு கண்மூடித் திறப்பதற்குள் தீர்ந்து, சாவு மேலே மேலே ஏறி மொத்த நிரலும் விழும். அதே தவறு, அதே தண்டனை. ஆனால் அங்கே அந்தத் தவறு நிரல் எழுதியவரின் கண்ணெதிரே அவர் கோப்பிலேயே இருக்கும். எங்களுடையதில் பதில் தவறினால் கொல்லும் விதி வேறொரு குழு பராமரித்த யாம்லின் எண்பதாவது வரிக்கு அருகில் ஒளிந்திருந்தது.

எந்திரமே எரிந்துபோனால் கதை மாறுகிறது. எர்லாங்கின் சூப்பர்வைசர் வழக்கமாகத் தன் பிள்ளைகளோடு அதே கணினியில்தான் குடியிருக்கும். வீடு எரிந்தால் காவல்காரரும் போனார். மற்றொரு கணினிக்கு வேலையை மாற்ற எர்லாங்கில் வழி உண்டு, கைவேலை அதிகம். எர்லாங் ஓடும் கணினிகள் ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றோடும் இணைப்பு வைத்துக்கொள்வதால் நூறைத் தாண்டினாலே மூச்சு வாங்கும். குபெர்னெட்டிசோ செத்த எந்திரத்தில் இருந்த பாட்களுக்குப் பதிலாக வேறிடத்தில் புதியவற்றை எழுப்பிவிடும். இந்த இடத்தில் அதற்கே என் ஓட்டு.

பரவலில் போட்டியே இல்லை. எர்லாங் ஒரு மொழியைக் கற்கச் சொன்னது, அதைவிடக் கடினமாக, ஒரு சிந்தனையையும். எரிக்சனின் ஒரு பிரிவே 1998-இல் புதிய தயாரிப்புகளில் அதைத் தடை செய்தது. அதே ஆண்டு அது திறமூலமானது. பின்னாளில் வாட்ஸ்அப் அதன்மேல் நின்று, 2012-இல் ஒரே சர்வரில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளைத் தாங்கிக் காட்டியது. குபெர்னெட்டிஸ் எந்த மொழியையும் கேட்கவில்லை. ஜாவாவோ பைத்தானோ, பத்து வருடப் பழைய நிரலோ, கன்டெய்னரில் போட்டுக் கொடு என்றது. சோம்பலுக்கு இடம் கொடுத்த கருவி வென்றது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை.

இப்போது இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்றாக ஓட்டுகிறோம்: குபெர்னெட்டிஸ் பாட், அதற்குள் எர்லாங் மெய்நிகர் எந்திரம். ஓடும்போதே நிரலை மாற்றும் எர்லாங்கின் பெருமைக்குரிய வித்தை இங்கே சும்மா கிடக்கிறது, ஒவ்வொரு டெப்ளாயிலும் பாட்டையே கொன்று புதிது வைப்பதால். கொல்லும் முன் குபெர்னெட்டிஸ் ஒரு சமிக்ஞை அனுப்பி 30 வினாடி அவகாசம் தரும். எர்லாங் அதை மரியாதையாக வாங்கிக்கொண்டு, தொடங்கிய வரிசைக்குத் தலைகீழாக ஒவ்வொரு பிள்ளையாக மூடத் தொடங்கும். எங்கள் சேவையில் அது முடிய முக்கால் நிமிடம் ஆகிறது. பாதி மூடியிருக்கும்போதே குபெர்னெட்டிஸ் கழுத்தை நெரிக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆயிற்று. யாம்லில் 30-ஐ 90 ஆக்கினோம்.