தன்னைத் தானே எழுப்பும் சில்லு

புதூர்ப் பக்கம் ஐப்பசி மழை விழுந்த கரிசலில் நீங்கள் நடந்ததுண்டா? அடிக்கு அடி காலில் மண் அப்பிக்கொள்ளும். அப்படிப்பட்ட காட்டின் நடுவே ஒரு தானியங்கி மழைமானி நிற்பதாக வைத்துக்கொள்வோம். அதனுள் இருக்கும் மைக்ரோ கன்ட்ரோலர் என்னும் சில்லின் நிரலில் ஒரு பிழை. பெய்த மழையைக் குறைத்துக் காட்டுகிறது. மானாவாரி வெள்ளாமைக்காரருக்கு அந்தக் கணக்குத் தவறினால் விதைப்பே தவறிப்போகும். சில்லைக் கழற்றாமல் பிழையைத் திருத்த இயலுமா?

ஒரு காலத்தில் இயலாது. இன்டெல் நிறுவனம் 1976-இல் வெளியிட்ட 8748 என்ற சில்லின் முதுகில் குவார்ட்ஸ் சன்னல் ஒன்று இருந்தது. நிரலை மாற்ற வேண்டுமானால் சில்லைப் பலகையிலிருந்து பிடுங்கி, சன்னல் வழியே புற ஊதாக் கதிரைச் சுமார் 20 நிமிடம் பாய்ச்சிப் பழையதை அழித்து, தனிக் கருவியில் புதியதைப் பதித்து, மறுபடியும் பொருத்த வேண்டும். சன்னலின் மேல் தாள் ஒட்ட மறந்தால் வெயிலே சில நாட்களில் நிரலை அழித்துவிடும். நம் ஊர் வெயிலைச் சொல்லவே வேண்டாம்!

மின்சாரத்தாலேயே விரைவாக அழித்து எழுதத்தக்க 'ஃபிளாஷ்' நினைவகத்தை 1984-இல் தோஷிபாவைச் சேர்ந்த ஃபுஜியோ மசுவோகா உலகுக்கு அறிவித்தார். அது சில்லுகளுக்குள் குடியேறியபின், தன் நிரலைத் தானே எழுதிக்கொள்ளும் வழி பிறந்தது. அவ்வேலையைச் செய்யும் சிறு நிரலே 'பூட்லோடர்'.

பெயரில் ஒரு வேடிக்கை உண்டு. தன் காலணியின் வாரைப் பிடித்துத் தன்னையே மேலே தூக்குவது என்ற ஆங்கில வழக்கிலிருந்து வந்தது அது. 1965-இல் வந்த பி.டி.பி-8 கணிப்பொறியில், காகித நாடாவைப் படிக்கத் தேவையான முதல் சில கட்டளைகளை மனிதரே விசைகளைத் தட்டி ஏற்றினர். அந்தச் சில கட்டளைகள் அடுத்த பெரிய நிரலை உள்ளே இழுத்தன.

சில்லிலும் கதை அதுவே. மின்சாரம் வந்ததும் பூட்லோடர் முதலில் விழிக்கிறது. புது நிரல் வருகிறதா என்று சிறிது நேரம் காத்திருக்கிறது. வந்தால் பக்கம் பக்கமாக வாங்கி எழுதுகிறது. வராவிட்டால் பழைய நிரலிடம் பொறுப்பை ஒப்படைக்கிறது. பள்ளி மாணவர்கள் கையாளும் அர்டுயினோ ஊனோ பலகையில் 32 கிலோபைட் ஃபிளாஷில் இதற்கு அரை கிலோபைட்டே போதும்.

2025 பிப்ரவரியில் சென்னை ஐ.ஐ.டி.யும் இஸ்ரோவும், 'சக்தி' வடிவமைப்பில் உருவான 'ஐரிஸ்' என்னும் விண்வெளிக் கட்டுப்பாட்டுச் சில்லு வெற்றியுடன் 'பூட்' ஆனதாக அறிவித்தன. சில்லு சண்டிகரில் வார்க்கப்பட்டது. தாய்ப்பலகை சென்னையில் ஒருங்கிணைக்கப்பட்டது. புதிய சில்லு ஒன்றுக்கு அந்த முதல் விழிப்பே பெரும் தேர்வு.

பாதி எழுதும்போது மின்சாரம் நின்றால்? பூட்லோடர் தன் இருப்பிடத்தைப் பூட்டி வைத்திருப்பதால் அது பிழைக்கும். நிரலின் கூட்டுத்தொகை பொருந்தாததைக் கண்டு, மீண்டும் அனுப்பச் சொல்லிக் காத்திருக்கும். ஆனால் பூட்லோடரிலேயே பிழை என்றால் வேறு வழியில்லை. கரிசலில் இறங்கித்தான் ஆக வேண்டும்.