மொட்டை மாடிக் கம்பிகள்

சோளிங்கர் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகும் வழியில் என் சித்தப்பாவின் கடை இருக்கிறது. பத்திரம் டைப் அடிப்பார், ஜெராக்ஸ் எடுப்பார், பட்டாவும் வில்லங்கச் சான்றும் இறக்கிக் கொடுப்பார். எல்லாவற்றுக்கும் ஒரே கம்ப்யூட்டர். 2011-இல் நான் கல்லூரியில் இருந்தபோது இருவருமாகச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போய், ஒவ்வொரு பாகமாகப் பொறுக்கி, அங்கேயே மாட்டி எடுத்து வந்தது.

2025 டிசம்பரில் ஒருநாள் போன் செய்தார்.

“டேய், ஒரு பட்டா எறங்கறதுக்குள்ள பார்ட்டி டீ குடிச்சிட்டு வந்துடறாங்க. சில பேரு திரும்பி வர்றதே இல்ல, பக்கத்துக் கடைக்குப் போயிடறாங்க. புதுசு வாங்கிடலாமா? முப்பதாயிரம் ஆவும்ன்றாங்க.”

‘முப்பதாயிரம்’ என்று அவர் சொன்ன விதத்திலேயே அது அவரிடம் இல்லை என்பது தெரிந்தது.

அந்த மெஷினில் இருந்தது 2 ஜிபி ராம். ராம் என்பது டைப்பிஸ்ட்டின் மேசை என்று வைத்துக்கொள்ளுங்கள்; ஹார்ட் டிஸ்க் பீரோ. மேசை சின்னதாக இருந்தால் ஒரு காகிதத்தை எடுக்க இன்னொன்றைப் பீரோவில் வைத்துவிட்டு வர வேண்டும். 2011-இல் அந்த மேசை போதுமாக இருந்தது. இன்று பிரவுசரில் நாலு டேப் திறந்தாலே நிரம்பிவிடுகிறது. மீதி நேரமெல்லாம் மேசைக்கும் பீரோவுக்கும் நடைதான்.

சனிக்கிழமை ஊருக்குப் போய் சிபியுவின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன். பதினாலு வருஷத் தூசு, ஒரு பல்லி முட்டை ஓடு. ராம் செருகியிருந்த ஸ்லாட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு ஸ்லாட், காலியாக. அன்றைக்கு இரண்டாவது ராமுக்குக் காசு போதவில்லை. “அப்புறம் போட்டுக்கலாம் சார், எடம் இருக்குது” என்று கடைக்காரர் சொன்னது ஞாபகம் வந்தது.

எங்கள் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் மொட்டை மாடியில் தூண் கம்பிகளை அறுக்காமல் நீட்டி விட்டிருப்பார்கள். பையன் சம்பாதித்தால், சீட்டு எடுத்தால், மேலே ஒரு மாடி எழும் என்ற கணக்கு. அந்தக் காலி ஸ்லாட்டும் அப்படி நீட்டிவிட்ட கம்பிதான். அதை நமக்காக யார், எப்போது விட்டார்கள்?

*

1981 ஆகஸ்டில் வந்த ஐபிஎம் பிசியின் அடிப்படை மாடலில் 16 கேபி ராம் மட்டுமே இருந்தது. மதர்போர்டில் ராம் சில்லுகளுக்கு நாலு வரிசை, வரிசைக்கு ஒன்பது. முதல் வரிசை பற்றவைத்தே வரும். மற்ற மூன்று வரிசைகளும் வெறும் சாக்கெட்டுகள், மொத்தம் 27 காலி இடங்கள். காசு வரும்போது சில்லு வாங்கி ஒவ்வொன்றாக அழுத்திச் செருகினால் 64 கேபி வரை போகலாம்.

இதைத் தாராள மனசு என்று சொல்ல முடியாது. ராம் விலை அதிகம்; முழுசாகப் போட்டு விற்றால் வாங்க ஆள் இருக்காது. ஆனால் வியாபாரத்துக்காகச் செய்த அந்த ஏற்பாடு, கையில் காசு குறைவாக இருப்பவனுக்குக் கதவைத் திறந்துவிட்டது. இன்றைக்கு முடிந்ததை வாங்கு, மிச்சத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

சில்லுகளைத் தனித்தனியாகச் செருகும்போது கால் வளையும், ஒடியும். 1983-இல் அமெரிக்காவின் வாங் லேபரட்டரீஸ் நிறுவனம் சில்லுகளையெல்லாம் ஒரு சின்னப் பலகையில் பதித்து, அந்தப் பலகையையே ஸ்லாட்டில் செருகும் முறையைக் கொண்டுவந்தது. சிம் என்று பெயர். போனில் போடும் சிம் இல்லை. இன்று நாம் ‘ராம் ஸ்டிக்’ என்று கேட்டு வாங்குவது அதன் வாரிசு. ஒரு விரலால் செய்யக்கூடிய வேலையாக அது மாறியதால்தான் ரிச்சி ஸ்ட்ரீட்டில் பத்தாவது படித்த பையன்கூட ராம் மாற்ற முடிகிறது.

*

ஸ்டிக் வாங்கியதும் அதே ரிச்சி ஸ்ட்ரீட்டில்தான். பழைய டிடிஆர்3, 4 ஜிபி, 700 ரூபாய். “ரெண்டு மாசம் முன்னாடின்னா பாதி வெலைக்குக் குடுத்திருப்பேன் சார். இப்ப பழசு கூட ஏறிடுச்சி” என்றார் கடைக்காரர். அவர் ஏமாற்றவில்லை.

ராம் விலை எப்போதுமே வெகுதூரத்தில் தீர்மானமாகும். 1993 ஜூலை 4 அன்று ஜப்பானின் நிஹாமா நகரில் சுமிட்டோமோ கெமிக்கல் ஆலையில் வெடிவிபத்து. அது சில்லு செய்யும் ஆலைகூட இல்லை, சில்லுகளை மூடும் எபாக்ஸி பிசினுக்கான மூலப்பொருள் செய்கிற ஆலை. உலகத் தேவையில் பாதிக்கு மேல் அந்த ஒரே இடத்திலிருந்து போய்க்கொண்டிருந்தது. சில வாரங்களில் ராம் விலை எகிறியது. அடுத்தது விபத்தே இல்லை. 1999 முதல் 2002 வரை பெரிய ராம் கம்பெனிகள் தங்களுக்குள் பேசி விலை வைத்ததை அமெரிக்க நீதித்துறை கண்டுபிடித்தது. சாம்சங் 2005-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 30 கோடி டாலர் அபராதம் கட்டியது. ஹைனிக்ஸ் 18.5 கோடி, இன்ஃபினியான் 16 கோடி.

இப்போதைய காரணம் செயற்கை நுண்ணறிவு. அதற்கான டேட்டா சென்டர்கள் கிடைக்கிற ராமையெல்லாம் வாரிக்கொள்கின்றன. 2025 டிசம்பர் 3 அன்று மைக்ரான் நிறுவனம், நம்மைப் போன்றவர்களுக்குக் கடைகளில் விற்றுவந்த தன் ‘குரூஷியல்’ பிராண்டை நிறுத்துவதாக அறிவித்தது. பெரிய வாடிக்கையாளர்களைக் கவனிக்க வேண்டுமாம். இவ்வளவும் சேர்ந்துதான் சோளிங்கரில் ஒரு பட்டா எத்தனை நிமிஷத்தில் இறங்கும் என்பதை முடிவு செய்கிறது.

*

மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனபோது சித்தி அந்த ஸ்டிக்கை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் பதினோரு வருஷம் அப்பர் தைத்தவர். ஒரு பொருள் கைக்கு வந்தால் முதலில் தையலைத் தேடுவார்.

“இதுக்குள்ள இன்னா இருக்குது?”

4 ஜிபி என்றால் சுமார் 3,435 கோடி பிட். ஒவ்வொரு பிட்டும் ஒரு மிகச் சின்ன மின்தேக்கி, அதற்குக் காவலாக ஒரு டிரான்சிஸ்டர். 1966-இல் ஐபிஎம்மில் ராபர்ட் டென்னார்டுக்குத் தோன்றிய யோசனை. 1968-இல் காப்புரிமை கிடைத்தது. அந்த மின்தேக்கி ஓட்டைக் குடம் மாதிரி, கசிந்துகொண்டே இருக்கும். அதனால் 64 மில்லிசெகண்டுக்குள் எல்லாவற்றையும் ஒருமுறை படித்துத் திரும்ப எழுத வேண்டும். மலிவாக இருப்பதற்கு அது கொடுக்கும் விலை இந்த மறதி.

அதற்கு முந்தைய தலைமுறை நினைவகம் மறக்காது. போனில் ஒரு படத்தைக் காட்டினேன். கடுகு அளவு ஃபெர்ரைட் வளையங்கள், அவற்றுக்குள் குறுக்கும் நெடுக்குமாகச் செம்புக் கம்பிகள்.

“மணி கோத்த மாதிரி இருக்குது. கையால கோத்ததா?”

கையால்தான். கோர் மெமரி என்று பெயர். ஒரு வளையம் ஒரு பிட். ஷாங்காயில் பிறந்து அமெரிக்கா போன ஆன் வாங் 1949-இல் காந்த வளையங்களில் தகவலை வைப்பதற்குக் காப்புரிமை கேட்டார். பிறகு அதை ஐபிஎம்முக்கு விற்றார். முன்னே சொன்ன வாங் லேபரட்டரீஸ் அவருடையதுதான். எம்ஐடியில் ஜே ஃபாரஸ்டர் குழு 1953-இல் இந்த வகை நினைவகத்தை முழுக் கம்ப்யூட்டரில் ஓட்டிக்காட்டியது.

இந்தியாவுக்கும் அது சீக்கிரமே வந்தது. பம்பாயில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் கட்டி 1960-இல் இயக்கத்துக்கு வந்த டிஃப்ராக், நாட்டின் முதல் கம்ப்யூட்டர்களில் ஒன்று. குழுவுக்குத் தலைமை, சென்னையில் பிறந்து கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த ஆர். நரசிம்மன். அதன் நினைவகம் 40 பிட் கொண்ட 2,048 சொற்கள். பெருக்கினால் 81,920 வளையங்கள். நம் கணக்கில் 10 கேபி. இன்று வாட்ஸாப்பில் வரும் ஒரு குட்மார்னிங் படம் அதற்குள் அடங்காது.

அமெரிக்க ஆலைகளில் இந்தக் கம்பிகளைக் கோத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள், பூதக்கண்ணாடிக்குக் கீழே ஊசியை வைத்துக்கொண்டு. 1960களில் கூலி குறைவு என்று ஐபிஎம் அந்த வேலையைக் கிழக்கு ஆசியாவுக்கு அனுப்பியது. ஆம்பூருக்கும் ராணிப்பேட்டைக்கும் ஷூ வந்த அதே காரணம். ஆன் வாங்கின் பெயரும் ஃபாரஸ்டரின் பெயரும் புத்தகங்களில் இருக்கின்றன. கோத்தவர்கள் ‘பெண் தொழிலாளர்கள்’ என்ற ஒரு சொல்லில் முடிந்துவிடுகிறார்கள்.

சித்தி வேறொன்றைக் கேட்டார். “ஒரு நாளைக்கு எத்தினி பீஸ் டார்கெட்?”

நான் படித்த எந்தக் கட்டுரையும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

*

கடைக்குத் திரும்பி ஸ்டிக்கைச் செருகினேன். டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டுக்குமே 240 கால்கள்தான். மாற்றிச் செருகிவிடக்கூடாது என்று நடுவிலுள்ள வெட்டைத் தள்ளி வைத்திருப்பார்கள். வெட்டு சரியாக உட்கார்ந்தது. பவர் போட்டால் மூன்று பீப், திரை கறுப்பு. சித்தப்பா முகம் வெளுத்துவிட்டது. பள்ளிக்கூட ரப்பரால் பொன்னிறக் கால்களைத் தேய்த்து, ஊதி, மறுபடி செருகினேன். வந்துவிட்டது. என் நாலு வருஷப் படிப்பில் யாரும் சொல்லித்தராத, எல்லா மெக்கானிக்குக்கும் தெரிந்த வைத்தியம்.

ஆனால் திரையில் “6 ஜிபி, பயன்படுத்தக்கூடியது 3.41 ஜிபி” என்று இருந்தது.

“மீதிய யார்டா தின்னது?” என்றார் சித்தப்பா.

ராமில் ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு கதவு எண் வேண்டும். 1978-இல் வந்த இன்டெல் 8086-இல் கதவு எண் 20 பிட்; அதனால் 1 எம்பிக்கு மேல் பார்க்கத் தெரியாது. 1985-இல் வந்த 386-இல் அது 32 பிட் ஆனது. 32 பிட்டில் 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம் எண்கள், அதாவது 4 ஜிபி. அன்று அது முடிவே இல்லாத தூரம். அதிலும் கொஞ்சம் எண்களை டிஸ்ப்ளே கார்டு போன்றவை பிடித்துக்கொள்ளும். சித்தப்பாவின் ப்ராசஸருக்கு 64 பிட் தெரியும். மேலே ஓடிய விண்டோஸ் 7 மட்டும் 32 பிட். மாடி கட்டியாயிற்று, படிக்கட்டு பாதியில் நிற்கிறது.

64 பிட் லினக்ஸ் போடலாம் என்றேன். அவர் உடனே சம்மதிக்கவில்லை. “என் பத்திரமெல்லாம் போயிடுமா?”

*

அவர் பயத்துக்குக் காரணம் இருந்தது. பதினாலு வருஷப் பத்திரங்களும் பாமினி எழுத்துருவில் அடித்தவை. பழைய எழுத்துருக்களில் மொத்தமே 256 இடங்கள். தமிழுக்கு 247 எழுத்து. எண்களுக்கும் குறிகளுக்கும் இடம் வேண்டும். ஆளாளுக்கு ஒரு விதமாக எழுத்துகளை உடைத்து, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழை உட்கார வைத்தார்கள். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் கிரயப் பத்திரம் முழுவதும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும்.

1991-இல் வந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. ஆனால் அதைத் திரையில் சரியாக வரைந்துகாட்டும் மெஷின்கள் நம் ஊர்க் கடைகளுக்கு வர வருஷங்கள் ஆயின. விண்டோஸில் தமிழ் வந்ததே 2000-இல்தான். தமிழக அரசு 1999-இல் டாம், டாப் குறியீடுகளை அறிவித்தது, 2010-இல் யூனிகோடுக்கு வந்தது. யூனிகோடு தமிழை இணையத்தில் அனுப்பும்போது ‘தமிழ்’ என்ற சொல்லுக்கு 15 பைட் ஆகிறது. டிஃப்ராக்கின் 10 கேபியில் அப்படி எழுநூறு சொல்கூட நிற்காது. நினைவகம் மலிவாகும்வரை மொழியைச் சுருக்கி மடித்து வைத்திருந்தோம். சித்தப்பாவின் பத்திரங்கள் அந்த மடிப்பிலேயே இருந்தன.

எழுத்துருவையும் கோப்புகளையும் பென் டிரைவில் எடுத்து வைத்துக்கொண்டு லினக்ஸ் போட்டேன். எல்லாம் திறந்தன. ஆனால் பத்திரத்தாளில் வரி அரை அங்குலம் கீழே இறங்கி அச்சானது. அதைச் சரிசெய்ய மட்டும் ஒரு சாயங்காலம். ராம் போட்டது பத்து நிமிஷம்.

திங்கட்கிழமை பட்டா இறங்கியது. பார்ட்டி டீக்கடைக்குப் போகவில்லை, பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்.

*

என் ஆபீஸ் லேப்டாப்பைத் திறந்தால் ராமுக்கு ஸ்லாட்டே கிடையாது, போர்டில் பற்றவைத்திருக்கிறது. அதற்கும் நியாயம் உண்டு: ஸ்லாட் இல்லாவிட்டால் கம்பித்தூரம் குறைவு, வேகம் கூடும், பேட்டரி மிச்சமாகும், மெல்லிசாகச் செய்யலாம். பிற்பாடு தேவைப்படுகிறவனுக்கு மட்டும் அதில் இடம் இல்லை. வாங்குகிற அன்றே அதிகபட்சத்துக்குக் காசு வைத்திருப்பவர்களை மனதில் வைத்துக் கட்டிய வீடு அது, மேலே கம்பி நீட்டாத வீடு.

கிளம்பும்போது சித்தப்பா கேட்டார். “இன்னும் போடலாமா இதுல?”

“ரெண்டையும் மாத்தினா 16 வரைக்கும் போடலாம் சித்தப்பா.”

தகட்டைப் பொருத்தித் திருகு போட ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். ஒரு திருகு போட்டதும் கையைப் பிடித்தார்.

“ஒண்ணு போதும், உடு. நாளைக்குத் தொறக்கணுமில்ல.”