சலிப்பறைத் தூசியும் சிராக்கோ விசிறியும்

மலையகத் தமிழர் தேயிலைத் தொழிற்சாலையை 'ஸ்டோர்' என்றே அழைப்பர். சப்பிரகமுவத் தோட்டங்களில், இரத்தினபுரியாயினும் கேகாலையாயினும், ஸ்டோருக்குள் நுழைந்ததும் காதில் விழுவது விசிறிகளின் இரைச்சல். அவை யாருக்காகச் சுழல்கின்றன?

இன்று உலகெங்கும் ஆலைகளில் ஓடும் ஒருவகை மையவிலக்கு விசிறி தேயிலையோடு பிறந்தது. 1864இல் இன்றைய அசாமின் கச்சாருக்கு வந்த அயர்லாந்து இளைஞர் சாமுவேல் டேவிட்சன், கொழுந்தை உலர்த்தும் இயந்திரங்களை ஆக்கினார். 1881இல் பெல்பாஸ்ற் நகரில் 'சிராக்கோ' தொழிலகத்தை நிறுவினார். உலர்த்திக்குள் வெப்பக்காற்றைச் செலுத்தும் தேடலின் பயனாக, முன்வளைந்த சிற்றலகுகள் நிறைந்த உருளை விசிறிக்கு 1898இல் காப்புரிமை பெற்றார். சுரங்கங்களும் கப்பல்களும் பின்னர் அதை ஏற்றன.

கொழுந்துக்கு இத்தனை கவனம். சலிப்பறைக்கோ? தாழ்நிலத் தேயிலைக்கு விலை தேடித்தருபவற்றுள் ஒன்று அதன் வெள்ளிநிற மொட்டு. அம்மொட்டின் நுண்மயிர்தான் சல்லடையில் உதிர்ந்து பஞ்சாய்ப் பறக்கிறது. கொழும்பில் பணியாற்றிய காஸ்ட்டெலானியும் சாமர்ஸும் 1919இலேயே தம் வெப்பமண்டல மருத்துவ நூலில் 'தேயிலைத் தொழிற்சாலை இருமல்' பற்றி எழுதினர். 1970இல் மருத்துவர் சி. ஜி. உறகொட, இப்பஞ்சைச் சுவாசித்து ஆஸ்துமாவுக்கு ஆளான ஒரு டீமேக்கரைப் பற்றி எழுதினார். 1980இல் அவர் வெளியிட்ட ஆய்வு, தேயிலை கலக்கும் தொழிலாளர் 125 பேரைப் பற்றியது. பொதுமக்களைவிட அவர்களிடையே நாட்பட்ட மார்ச்சளியும் ஆஸ்துமாவும் மிகுதி என்றது.

இறக்குவானைப் பக்கத்து ஸ்டோர் ஒன்றின் சலிப்பறையில், சுவரின் உச்சியில் ஒரேயொரு வெளியேற்று விசிறியைக் கண்டேன். சல்லடையருகே நின்ற பெண்களோ வாயைத் துணியால் கட்டியிருந்தனர். விசிறி காற்றை நெடுந்தூரம் ஊதும். உறிஞ்சுவதில் அதற்கு அவ்வலிமை இல்லை. உறிஞ்சும் வாயிலிருந்து அதன் விட்டத்தளவு தள்ளிப் போனாலே காற்றின் வேகம் ஏறத்தாழப் பத்திலொன்றாகிவிடும். ஆகவே சல்லடையின் மேலேயே மூடி அமைத்து, தூசி குழாயில் தேங்காதபடி நொடிக்கு 15 முதல் 20 மீற்றர் வேகத்தில் இழுக்கவேண்டும். வேண்டிய காற்றின் அளவையும், குழாயும் வடிகட்டியும் தரும் தடையையும் கணக்கிட்ட பிறகே விசிறியைத் தெரிவுசெய்வது முறை.

பழைய விசிறியின் பெல்ட் சக்கரத்தை மாற்றி வேகத்தைக் கூட்டுவது மலிவான வழியெனத் தோன்றும். ஆனால் 20 விழுக்காடு வேகங்கூட்டினால் மின்வலு 73 விழுக்காடு கூடும். மின்கட்டணத்தைக் கண்டதும் நிருவாகம் முதலில் நிறுத்துவது இந்த விசிறியைத்தான். உலர்த்தி விசிறியை ஒருபோதும் நிறுத்தாது.